டோக்கன் மென்பொருள் எழுதுவோருக்கும் வாங்குவோருக்கும் ஒரு திறந்த மடல்

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இருந்துகொண்டு மருத்துவமனைகளுக்கும் அலுவலகங்களுக்கும் டோக்கன் மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளுக்கும், அதை விலை பேசி வாங்கிப் போடும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நானும் இதே தொழில்தான். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் சர்வர் பக்க வேலை. கணினிக்கு வரும் வேலைகள் க்யூவில் (வரிசையில்) வந்து நிற்பதும், நகர்வதும், திடீரென்று தேங்குவதும்தான் என் அன்றாடம். சொந்த ஊர் கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாயும் கிராமம். இந்த இரண்டையும் தெரிந்தவன் என்பதால்தான் உங்களுக்கு எழுதத் துணிந்தேன்.

அண்மையில் ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "நம்ம சனத்துக்குக் காத்திருக்கத் தெரியாதுங்க. திரை வைத்து நம்பர் ஓட்டினாலும் கவுன்டரைச் சுற்றித்தான் நிற்பார்கள்." அறையில் இருந்த பலரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை என்னால் ஏற்க முடியவில்லை. வாய்க்கால் தண்ணீருக்கே முறை வைத்து, வருசக் கணக்கில் காத்திருந்து வெள்ளாமை செய்தவர்கள் இவர்கள்.

கீழ்பவானித் திட்டத்தைப் பாருங்கள். பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிந்தது. அங்கிருந்து கிளம்பும் வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. அத்தனை ஏக்கருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கிற அளவுக்குத் தண்ணீர் கிடையாது. அதனால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்திருக்கிறார்கள். பாதிக்குப் பாதி, 1,03,500 ஏக்கர் வீதம். இந்த வருசம் ஒரு பாதிக்கு ஆகஸ்ட் வாக்கில் நன்செய்க்குத் தண்ணீர் திறந்தால், மறு பாதிக்குப் பொங்கலை ஒட்டிப் புன்செய்க்குத் திறப்பார்கள். அடுத்த வருசம் இதையே மாற்றிப் போடுவார்கள். எந்த வருசம் நெல், எந்த வருசம் கடலையும் எள்ளும் என்று எங்கள் அப்பாவுக்கு முன்கூட்டியே தெரியும். கடன் வாங்குவது, வீட்டுக்கு ஓடு மாற்றுவது, கல்யாணம் வைப்பது எல்லாம் அந்தக் கணக்கில்தான் நடந்தது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் போனால் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலம். அங்கேயும் மண்டலம் மாற்றி மண்டலம்தான் தண்ணீர்.

சண்டையே வராது என்று சொல்ல வரவில்லை. திறக்கும் தேதி தள்ளிப்போனாலும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராவிட்டாலும் மறியல் நடக்கும், மனு போகும். ஆனால் அந்தச் சண்டைகளை உற்றுப் பாருங்கள். மாசக்கணக்கில் காத்திருக்கச் சொன்னதற்காக யாரும் ரோட்டில் உட்காரவில்லை. சொன்ன தேதி தவறியதற்காகவும், தன் பங்கை நடுவில் யாரோ இழுத்துக்கொண்டதற்காகவும்தான் உட்கார்ந்தார்கள். தன் முறை எப்போது என்று தெரிந்தவர், அது வரும் என்று நம்புகிறவர், பொறுமையாக இருப்பார். உங்கள் திரை முன்னால் இருக்கிறவருக்கு அந்த இரண்டில் எதுவும் இல்லை. அதனால்தான் அவர் எழுந்து கவுன்டருக்கு வருகிறார்.

என் அம்மாவுக்குச் சர்க்கரை. ஈரோட்டில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. பெரிய ஹால், வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள், சுவரில் திரை. திரையில் 41 வரும், அடுத்து 58 வரும், அப்புறம் 42. ஏன் 58 நடுவில் போனது என்று யாருக்கும் தெரியாது. அவசர நோயாளியாக இருக்கலாம், டாக்டருக்குத் தெரிந்தவராக இருக்கலாம், ரிப்போர்ட்டை மட்டும் காட்ட வந்தவராக இருக்கலாம். காரணம் நியாயமாகவே இருந்தாலும் திரை அதைச் சொல்வதில்லை. நம்பர் ஒரு தடவை அப்படித் தாவியதும், ஹாலில் இருக்கிற அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அதற்கப்புறம் யாரும் திரையை நம்புவதில்லை.

பக்கத்து நாற்காலியில் அந்தியூர்ப் பக்கத்தில் இருந்து முதல் பஸ்ஸுக்கு வந்த ஓர் ஆத்தா. "ஏனுங் தம்பி, என்ற நெம்பரு போயிருச்சுங்களா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங் கண்ணு" என்று கேட்டார். "இன்னும் வரலீங் ஆத்தா" என்றேன். சற்று நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி என் அம்மாவிடம் சொன்னார்: "ஒண்ணுக்குப் போய்ட்டு வரலாம்னாக் கூடப் பயமா இருக்குதம்மிணி. கூப்பிடறப்ப நானில்லீன்னா மறுக்காக் கடைசிக்குப் போகச் சொல்லிப்போடுவாங்க." சர்க்கரை இருக்கிறவருக்கு அடிக்கடி வெளியே போக வேண்டியிருக்கும் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். மென்பொருளுக்குத்தான் தெரியவில்லை. நம்பர் கூப்பிட்டு ஒரு நிமிடத்தில் ஆள் வராவிட்டால் 'வரவில்லை' என்று குறித்து, வரிசையில் இருந்தே எடுத்துவிடுகிறது. அந்த ஒரு நிமிடம் என்பது யாரோ ஓர் எண்ணாக எழுதி வைத்த மதிப்பு. அதை மாற்றலாம். வராதவரை மூன்று பேருக்குப் பின்னால் போட்டு மறுபடி கூப்பிடலாம். இதற்கு நாலு வரி நிரல் போதும்.

அதே ஹாலில் இன்னொன்றும் பார்த்தேன். உண்மையில் இதற்காகத்தான் இந்த மடலையே ஆரம்பித்தேன். சர்க்கரைக்கு ரத்தம் இரண்டு தடவை எடுப்பார்கள். வெறும் வயிற்றில் ஒரு தடவை; பிறகு சாப்பிட்டு, சாப்பிட ஆரம்பித்த நேரத்தில் இருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. அந்த இரண்டு மணி நேரம் ஏதோ ஒரு குத்துமதிப்பு இல்லை. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது என்பதை அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் தாமதமானால் அளவு இன்னும் இறங்கியிருக்கலாம். டாக்டர் பார்க்கும் எண் வேறாகிவிடும், மாத்திரையின் அளவும் அதை வைத்துத்தான். ஆனால் அங்கே இரண்டாவது ரத்தத்துக்குப் போனால் புது டோக்கன், வரிசையின் வாலில். முன்னால் இருக்கிறவர்களில் பாதிப் பேர் எப்போது கொடுத்தாலும் பரவாயில்லாத பரிசோதனைக்கு வந்தவர்கள். அம்மா 8.20-க்கு இட்லி சாப்பிட்டார். 10.20-க்கு ரத்தம் எடுக்க வேண்டியது. எடுத்தபோது மணி 11-ஐத் தாண்டிவிட்டது. லேப் பெண் பாவம், கணினி காட்டுகிற ஆளைத்தான் கூப்பிடுகிறாள். அவளால் என்ன செய்ய முடியும்?

முதலில் வந்தவருக்கு முதலில் என்பது நல்ல விதி. ஆனால் கெடு இருக்கிற வேலைக்கு அது பொருந்தாது. எதன் கெடு முதலில் வருகிறதோ அதை முதலில் எடு என்ற முறையைக் கணினி அறிஞர்கள் லியுவும் லேலண்டும் 1973-லேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். இன்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் அது இருக்கிறது. நம் கணினிக்குள் ஒரு வேலையின் கெடுவைக் கவனிக்கிற அறிவு இருக்கும்போது, சாப்பிட்ட நேரத்தைச் சீட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுசிக்கு அது ஏன் எட்டவில்லை? முதல் ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு வந்ததும் 'எத்தனை மணிக்குச் சாப்பிட ஆரம்பித்தீர்கள்' என்று கேட்டு ஒரு பெட்டியில் போட்டால் போதும். 10.20-க்கு அவர் பெயர் தானாக மேலே வரட்டும்.

சரி, நேரம் சொல்வதற்கு வருகிறேன். "எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படிங்க சொல்ல முடியும், டாக்டர் ஒருத்தருக்கு ஐந்து நிமிடம் எடுப்பார், இன்னொருத்தருக்கு இருபது நிமிடம் எடுப்பார்" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்துக் காட்டிய ஒரு விதி இருக்கிறது. வரிசையில் சராசரியாக எத்தனை பேர் இருக்கிறார்களோ, அதை மணிக்கு எத்தனை பேர் வந்து போகிறார்களோ அதால் வகுத்தால், ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் உள்ளே இருப்பார் என்று வந்துவிடும். ஹாலில் 36 பேர், மணிக்கு 12 பேரை டாக்டர் பார்த்து அனுப்புகிறார் என்றால் 3 மணி நேரம். யாருக்கு ஐந்து நிமிடம், யாருக்கு இருபது நிமிடம் என்று ஒவ்வொருவராகத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கடந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வெளியே போனார்கள் என்பது உங்கள் டேட்டாபேஸில் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்து, கொஞ்சம் கூடக் குறைய வைத்து, "உங்களுக்கு முன்னால் 36 பேர். இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம் ஆகலாம்" என்று சீட்டில் அச்சடியுங்கள். மூன்று மணி நேரம் என்று தெரிந்தால் அந்த ஆத்தா சாப்பிட்டுவிட்டு வருவார், பன்னீர்செல்வம் பார்க் பக்கம் போய் வேண்டியதை வாங்கி வருவார், மதியப் பஸ்ஸைத்தான் பிடிக்க முடியும் என்று வீட்டுக்குப் போன் செய்வார். அவருடைய மூன்று மணி நேரம் அவருக்கே திரும்பக் கிடைக்கும்.

ரயில்வேயைப் பற்றி ஆயிரம் குறை சொல்கிறோம். ஆனால் கோவையில் இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸுக்கோ சேரனுக்கோ வெயிட்டிங் லிஸ்ட்டில் டிக்கெட் எடுத்தவரைப் பாருங்கள். பிஎன்ஆர் எண்ணைத் தட்டினால் 14-ல் இருந்தது 6-க்கு வந்துவிட்டது என்று தெரிகிறது. ஆர்ஏசி வந்தால் பாதி இடம் உறுதி. அவர் ஸ்டேஷனுக்குப் போய் யாருடைய கழுத்தையும் பிடிப்பதில்லை. சார்ட் வரும் வரை அவரவர் வேலையைப் பார்க்கிறார். அந்த சார்ட்டையும், முன்பு வண்டி கிளம்ப 4 மணி நேரம் இருக்கும்போது போட்டுக்கொண்டிருந்ததை, 8 மணி நேரத்துக்கு முன்பே போடுவது என்று 2025-ல் முடிவெடுத்தார்கள். இடம் கிடைக்காதவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி! காந்திபுரத்தில் ஆம்னி பஸ்ஸில் சீட் இருக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இல்லை என்று சொல்ல வேண்டியதைச் சீக்கிரம் சொல்வதும் ஒரு சேவைதான். இதை எங்கள் ஊர்க் கரும்புக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கரும்பை வெட்டிவிட்டால் அப்போதிருந்து எடை குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். ஒரு நாளுக்குள் அரைத்துவிடுவது நல்லது. அதனால்தான் ஆலை, நட்ட தேதியைப் பதிந்து வைத்துக்கொண்டு கட்டிங் ஆர்டர் கொடுக்கிறது. ஆர்டர் வரும் வரை கரும்பு வயலிலேயே நிற்கும். ஆலையில் மிஷின் ஏதாவது நின்றுபோனால் உடனே கட்டிங்கை நிறுத்தச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் வெட்டின கரும்போடு டிராக்டர்கள் ஆலை வாசலில் ராத்திரி முழுக்க நிற்கும், நட்டம் விவசாயிக்கு. அரைக்கிற வேகத்துக்குத் தகுந்தபடி வெட்டுகிற இடத்திலேயே கட்டுப்படுத்துவது என்பதைத்தான் நாம் மென்பொருளில் பேக்பிரஷர் என்கிறோம். உங்கள் நிரலில் க்யூ நிரம்பினால் அனுப்புகிறவனுக்குத் தகவல் போகிறது. உங்கள் மருத்துவமனைச் செயலியில் மட்டும் டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன பிறகும் டோக்கன் கிடைத்துக்கொண்டே இருக்கிறதே, அது எப்படி?

இணையத்துக்கே இந்த நோய் வந்து, அதற்கு வைத்தியமும் நடந்தது. நினைவகம் விலை மலிந்ததும், இணையத் தகவலை வழி பார்த்து அனுப்பும் ரவுட்டர்களில் பெரிய பெரிய பஃபர்களை, அதாவது தகவல் காத்திருக்கும் இடங்களை, வைத்தார்கள். ஒரு பாக்கெட்கூட (தகவல் துண்டுகூட) தவறக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் தகவலை அனுப்புகிற கணினி, பாக்கெட் தவறினால்தான் நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். எதுவும் தவறாததால் அது அனுப்பிக்கொண்டே இருந்தது. பஃபர் நிரம்பி, எல்லாப் பாக்கெட்டும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற மென்பொருள்காரர் இதைக் கண்டுபிடித்து பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைக் கொடுத்தார்கள். அது வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காது. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் உள்ளே கிடந்தது என்று பார்க்கும். நிர்வாகிகளே, இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். உங்கள் மேசையில் இருக்கும் டேஷ்போர்டில் 'இன்று எத்தனை டோக்கன்' என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஒரு டோக்கன்காரர் எவ்வளவு நேரம் கிடந்தார் என்பது எங்கேயும் இல்லை. இருந்தாலும் சராசரிதான் இருக்கிறது. சராசரி 40 நிமிடம் என்று காட்டும் நாளில், நாலு மணி நேரம் இருந்துவிட்டுப் போன பத்துப் பேர் அதற்குள் காணாமல் போய்விடுகிறார்கள். நீளமாகக் காத்திருந்த அந்தப் பத்துப் பேரைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

டாக்டரின் நேரத்தை ஒரு நிமிடம்கூடச் சும்மா விடக்கூடாது என்று நிர்வாகம் கேட்பதும், நீங்கள் அதற்கேற்ப 10 மணிக்கே முப்பது பேருக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுப்பதும் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் குறுந்தகவலில் '10.00' என்றுதான் வருகிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங், எத்தனை பேர் பேச எத்தனை லைன் வேண்டும் என்ற மாதிரிக் கேள்விகளுக்குக் கணக்குப் போட்டு, 1909-ல் முதல் கட்டுரையை வெளியிட்டார். வரிசைக் கோட்பாடு என்று நாம் படிப்பதற்கு அதுதான் தொடக்கம். அந்தக் கணக்கில் மிக எளியதை எடுத்துக்கொள்வோம்: ஒரே டாக்டர், ஆட்கள் முன்னே பின்னே வருகிறார்கள், ஒருவருக்கு ஆகும் நேரமும் கூடிக் குறைகிறது. டாக்டர் தன் நேரத்தில் 50 சதவீதம் வேலையாக இருந்தால் பார்க்கப்படுகிறவரையும் சேர்த்துச் சராசரியாக ஒருவர்தான் அங்கே இருப்பார். 80 சதவீதம் என்றால் 4 பேர். 90 என்றால் 9 பேர். 95 என்றால் 19 பேர். 90-க்கு மேல் அந்த ஐந்து சதவீதத்தைப் பிழிவதற்கு ஹாலில் கூட்டம் இரண்டு மடங்காகிறது. நூறைத் தொட்டால் வரிசைக்கு முடிவே கிடையாது. டாக்டருக்கு மணிக்கு ஆறேழு நிமிடம் இடைவெளி விட்டு அட்டவணை போட்டால் அது வீண் நேரம் இல்லை. ஒருவருக்கு இருபது நிமிடம் ஆகும்போது பின்னால் இருக்கிறவர்களை அதுதான் தாங்கும். அப்பாயின்ட்மென்ட்டைக் கால் மணிக்கு இத்தனை பேர் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வரிசையில் நிற்க வைத்து, எந்தக் கவுன்டர் காலியோ அங்கே அனுப்பினால் யாரும் தப்பான வரிசையில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

முன்னுரிமையைப் பற்றி இரண்டு சொல். நெஞ்சுவலி என்று வந்தவர், நிறைமாதக்காரி, எண்பது வயதுக்காரர் முன்னால் போகத்தான் வேண்டும். ஹாலில் ஒருவரும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் திரையில் 58-க்குப் பக்கத்தில் 'அவசரம்' என்று ஒரு சொல் போடுங்கள். ரிப்போர்ட் காட்டுகிறவர் என்றால் 'ரிப்போர்ட்' என்று போடுங்கள். அப்படிப் போட முடியாத காரணத்துக்காக ஒருவர் உள்ளே போகிறார் என்றால், அவர் போகக்கூடாது. முன்னுரிமை கொடுத்துக்கொண்டே போனால் சாதாரண டோக்கன்காரர் கடைமடை விவசாயி மாதிரி ஆகிவிடுவார் என்பதையும் மறக்காதீர்கள். காத்திருக்கக் காத்திருக்க அவருடைய முன்னுரிமை ஏறிக்கொண்டே வர வேண்டும். இயங்குதளப் (ஆபரேட்டிங் சிஸ்டம்) பாடத்தில் நாம் படித்த விசயம்தான் இது.

அப்புறம், முன்னுரிமையை ஒரு கதவோடு நிறுத்திவிடுகிறீர்கள். 1997 ஜூலை 4-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்துக்கு என்ன ஆனது என்று படித்திருப்பீர்கள். அதன் கணினியில், மிக அவசரமான ஒரு வேலைக்குத் தேவைப்பட்ட பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் கையில் வைத்திருக்க முடியும்), வானிலை அளவுகளைச் சேகரிக்கும் சாதாரண வேலை ஒன்று கையில் வைத்திருந்தது. அந்தச் சாதாரண வேலையை முடிக்க விடாமல், நடுத்தரமான இன்னொரு வேலை வந்து ஓடிக்கொண்டிருந்தது. அவசர வேலை நின்றுபோனதைப் பார்த்துக் கணினி தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டது, திரும்பத் திரும்ப. அவசரக்காரன் யாருக்காகக் காத்திருக்கிறானோ அவனுக்கும் அந்த அவசரம் போய்ச் சேரட்டும் என்று பூமியில் இருந்தே ஒரு மாற்றத்தை அனுப்பிச் சரிசெய்தார்கள். நம் மருத்துவமனைகளில் டாக்டரிடம் முதலில் போன நெஞ்சுவலிக்காரர், எக்கோ எடுக்கிற இடத்தில் பில் இல்லை என்று நிற்கிறார். பில் போடுகிற இடத்தில் அவருடைய மகன் 22-வது ஆள். அவசரம் என்ற குறி நோயாளியோடு கூடவே பில்லுக்கும், லேபுக்கும், மருந்து கொடுக்கிற இடத்துக்கும் போகும்படி எழுதுங்கள்.

சர்வர் டவுன் ஆகும் நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரேசன் கடையிலும் இ-சேவை மையத்திலும் நம் சனம் அதிகம் கேட்கும் சொல் அதுதான். டவுன் ஆவது சகஜம், நானே அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். ஆனால் திரும்ப வந்ததும் ஆயிரம் கருவிகளும் ஒரே நொடியில் மறுபடி கேட்டால், எழுந்த சர்வர் மறுபடி விழும். ஒவ்வொரு தோல்விக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதில் கொஞ்சம் முன்னே பின்னே கலந்து கேட்க வேண்டும் என்பது ஈதர்நெட் காலத்துப் பாடம். அது ஒன்று. இன்னொன்று அதைவிட முக்கியம்: பவர் போய் வந்தாலும் வரிசை அப்படியே இருக்க வேண்டும். காலை 9 மணிக்கு வந்தவர், 11 மணிக்கு சிஸ்டம் நின்று எழுந்ததும் "எல்லாரும் புதுசா டோக்கன் எடுங்க" என்று கேட்கவே கூடாது. டோக்கன் கொடுத்த கணத்தில் அதை டிஸ்க்கில் எழுதுங்கள். நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும் வரிசைக்கு வரிசை என்றே பெயர் வைக்காதீர்கள்.

போன் இல்லாதவர்களை நினைத்துத்தான் எனக்கு மிகவும் கவலை. க்யூஆர் கோடை ஸ்கேன் செய், ஓடிபி போடு, செயலியை இறக்கு என்று வாசலிலேயே ஒரு தடுப்பு வைத்துவிட்டு, உள்ளே வரிசை நன்றாக நகர்கிறது என்று சொல்வது சரியில்லை. தோட்டத்தில் இருந்து வரும் அப்பாரிடம் இருப்பது பட்டன் போன், அதிலும் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். 2020 ஏப்ரலில் கொரோனா நிவாரணமாக 1,000 ரூபாய் கொடுத்தபோது, ரேசன் கடையில் இருந்து வீடு வீடாகப் போய்த் தேதியும் நேரமும் எழுதின காகித டோக்கன் கொடுத்தார்கள். எந்தச் செயலியும் இல்லாமல், கூட்டம் சேரவே கூடாத நேரத்தில், அந்தக் காகிதத்தை வைத்துக் கூட்டத்தைப் பிரித்தார்கள். உங்கள் மென்பொருளின் முதல் வெளியீடு அப்படி ஒரு காகிதமாக இருக்கட்டும்: பெரிய எழுத்தில், தமிழில், எண், முன்னால் எத்தனை பேர், உத்தேச நேரம். போன் இருக்கிறவருக்கு அதே தகவல் குறுந்தகவலாகவும் போகட்டும். நேரம் மாறினால் திரையில் எழுத்தாக மட்டும் போடாமல், தமிழில் அறிவிக்கவும் செய்யுங்கள்; படிக்கத் தெரியாதவரும் கண் மங்கியவரும் அங்கே நிறையப் பேர்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை டோக்கன் மென்பொருளுக்கு விலைப்புள்ளி கேட்கும்போது திரை எத்தனை இன்ச், அறிக்கை எத்தனை வகை என்று கேட்பதோடு, இவற்றையும் எழுத்தில் கேளுங்கள். சீட்டில் உத்தேச நேரம் வருமா? வெளியே போய் வந்தவருக்கு இடம் இருக்குமா? நம்பர் தாவினால் காரணம் தெரியுமா? சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனவரை அந்த நேரத்துக்கே கூப்பிடுமா? மின்சாரம் போனால் வரிசை பிழைக்குமா? ஆம் என்பவரிடம் உங்கள் ஹாலிலேயே ஒரு திங்கட்கிழமை காலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திங்கட்கிழமைதான் கூட்டம் அதிகம்.

தம்பி தங்கைகளே, மேலே சொன்னதில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. எல்லாமே நாம் படித்ததும், கணினிக்குள் தினமும் செய்வதும்தான். உத்தேச நேரம் கணக்கிடும் பகுதியையும், சாப்பிட்ட நேரத்தை வைத்து லேப் வரிசையை மாற்றும் பகுதியையும் நானே எழுதி வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். அந்த ஈரோட்டு மருத்துவமனைக்கு மென்பொருள் கொடுத்தவர்கள் இதைப் படித்தால், அம்மாவுக்கு அடுத்த பரிசோதனை வருவதற்குள் லேப் வரிசையை மட்டுமாவது மாற்றிக் கொடுங்கள். நானே வந்து கூட உட்கார்ந்து செய்துதரத் தயார்.

அன்புடன்,
கவுந்தப்பாடிப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன்